துருத்தியில்லாத உலை

ஒரு கிலோ காய்ந்த விறகு எரிந்து சாம்பலாகும்போது வெளிவரும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் ஒரு கிலோ தெர்மிட் கலவையில் இருக்கிறது. பெட்ரோலோடு வைத்துப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனாலும் விறகடுப்பின் மேல் வைத்த இரும்புச் சட்டி தலைமுறை தாண்டி உழைக்கிறது. தெர்மிட்டோ அரை நிமிடத்துக்குள் இரும்பை உருக்கி ஓடவிடுகிறது. இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்தக் கலவை சுமார் 2,500 டிகிரியைத் தொடும்.

குறைந்த வெப்பம் எப்படி இவ்வளவு கொதிப்பாக மாறுகிறது? விடை காற்றில் இருக்கிறது. அடுப்பில் எரியும் எந்த நெருப்பும் காற்றைக் கேட்கும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். எரிவதற்கு அதனால் பயனில்லை, ஆனால் அதையும் சேர்த்தே சூடாக்கியாக வேண்டும். சூடான புகை மேலே போகும்போது வெப்பத்தில் பெரும்பகுதியைத் தன்னோடு எடுத்துச் சென்றுவிடும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொடுமணலில் இரும்பு உருக்கியவர்கள் தொடங்கி நேற்றைய ஊர்க்கொல்லர் வரை எல்லோரும் கரியைக் கொட்டி, காற்றை ஊதி, இழக்கும் வெப்பத்தை ஈடுகட்டிக்கொண்டே இருந்தார்கள். துருத்தி நின்றால் உலை தணிந்துவிடும்.

தெர்மிட்டுக்குத் துருத்தி தேவையில்லை. அது அலுமினியத் தூளும் இரும்பு ஆக்ஸைடும் கலந்த கலவை. எரிவதற்கான ஆக்ஸிஜன் இரும்பு ஆக்ஸைடுக்குள்ளேயே இருக்கிறது. அலுமினியத்துக்கு ஆக்ஸிஜன் மேல் இரும்பைவிடப் பன்மடங்கு நாட்டம். ஓரிடத்தில் போதிய சூடு கிடைத்ததும் அலுமினியம் அந்த ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது, இரும்பு தனியாகிறது. புகையாகப் போவது மிகக் குறைவு. விளைந்த பொருள் இரண்டும் உருக்கும் பாத்திரமான மூசைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. வினை முடிய சில விநாடிகளே ஆவதால் வெப்பம் கசிந்தோட நேரமும் இல்லை. இருக்கும் கொஞ்ச வெப்பமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் குவிகிறது.

இதில் இன்னொரு நல்வாய்ப்பும் உண்டு. வினையில் பிறக்கும் அலுமினியம் ஆக்ஸைடு உருக 2,072 டிகிரி வேண்டும். வினையின் சூடு அதையும் தாண்டிப் போவதால் இரும்பு, கசடாகிய அந்த ஆக்ஸைடு இரண்டுமே திரவமாகின்றன. கசடு லேசானது, மேலே மிதக்கிறது. கனமான இரும்பு அடியில் சேர்கிறது. மூசையின் அடியில் ஒரு துளை இருந்தால் சுத்தமான இரும்பை மட்டும் முதலில் வடித்துக்கொள்ளலாம். சூடு சில நூறு டிகிரி குறைந்திருந்தால் கசடும் இரும்பும் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பிறந்த ஒரு தொழில் பிறந்தே இருக்காது.

அந்தத் தொழில் ஏன் அதற்கு முன்பே பிறக்கவில்லை என்றால், அலுமினியம் கிடைக்கவில்லை. மண்ணில் தாராளமாகக் கலந்திருக்கும் உலோகம்தான். ஆனால் ஆக்ஸிஜனை விட்டுப் பிரிய மறுக்கும். 1825இல் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் அதைச் சிறிதளவு பிரித்தார். 1854இல் பிரான்சில் சாந்த்-கிளேர் டெவில் சற்றுப் பெரிய அளவில் செய்யும் வழியைக் கண்டார். அப்போதும் அது நகைக்கும் அரண்மனைப் பாத்திரங்களுக்கும் உரிய உலோகமாகவே இருந்தது. 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்க 3 கிலோவுக்கும் குறைவான அலுமினியப் பிரமிடு ஒன்றை வார்த்தபோது அது ஊரே பார்க்கும் காட்சிப்பொருளானது.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863இல் பிறந்தவர்கள், இருவரும் 1914இல் இறந்தார்கள். ஆலைகள் மலிவான மின்சாரத்தைத் தேடி அருவிகளின் பக்கம் போயின. சுவிட்சர்லாந்தில் ரைன் அருவியின் கரையில் உள்ள நொய்ஹவுசனில் ஓர் ஆலை எழுந்தது. ஹாலின் நிறுவனம் 1895இல் நயாகரா மின்சாரத்துக்கு வந்தது. தெர்மிட்டின் வெப்பம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இங்கிருந்துதான். அலுமினியத்தை ஆக்ஸிஜனிடமிருந்து பிரிக்கச் செலவிட்ட மின்சாரம் அந்த உலோகத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அது மறுபடி ஆக்ஸிஜனோடு சேரும்போது வாங்கிய கடன் மொத்தமும் ஒரே மூச்சில் திரும்பி வருகிறது.

அலுமினியம் பிற உலோக ஆக்ஸைடுகளிலிருந்து ஆக்ஸிஜனைப் பறிக்கும் என்பதை வேதியியலாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். கார்கிவ் நகரில் நிகொலாய் பெக்கெத்தோவ் 1860களிலேயே இதைப் பற்றி எழுதினார். ஆனால் அடுத்து வந்தவர்களெல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டார்கள். கலவையை ஒரு பாத்திரத்தில் போட்டு வெளியிலிருந்து சூடேற்றினார்கள். பாத்திரம் முழுவதும் ஒரே சமயத்தில் வினைக்குத் தயாராகும். ஒரு கட்டத்தில் மொத்தமும் வெடித்துச் சிதறும். கையில் எதுவும் மிஞ்சாது. வெப்பம் அவர்களுக்குப் பகையாக இருந்தது.

அந்தப் பகையைத் தொழிலாக்கியவர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட். 1861இல் பெர்லினில் பிறந்தவர்; ஹைடல்பெர்கில் ராபர்ட் புன்சனிடம் படித்தவர். அவருடைய தந்தை தியோடர் 1847இல் பெர்லினில் தொடங்கிய ரசாயனத் தொழிற்சாலையை மகன்கள் கார்லும் ஹான்ஸும் எசன் நகருக்குக் கொண்டுவந்தார்கள். பழைய தகர டப்பாக்கள், தகட்டுத் துண்டுகள் ஆகியவற்றிலிருந்து வெள்ளீயத்தைப் பிரித்தெடுப்பது அவர்களுடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. எசன், குரூப் எஃகு ஆலையின் ஊர். எஃகுக்காரர்களுக்கு அப்போது ஒரு தேவை இருந்தது: கார்பன் கலக்காத குரோமியமும் மாங்கனீஸும். கரி உலையில் செய்த குரோமியத்தில் கரி ஏறிவிடும், எஃகின் குணம் கெடும். அலுமினியத்தைக் கொண்டு குரோமியத்தைப் பிரித்தால் கரிக்கே இடமில்லை. ஹான்ஸ் தேடியது இந்தச் சுத்தமான உலோகத்தை மட்டும்தான்.

அவர் செய்த மாற்றம் சொல்லும்போது மிகச் சிறியதாகத் தெரியும். பாத்திரத்தை வெளியிலிருந்து சூடாக்குவதை விட்டுவிட்டார். குளிர்ந்த கலவையின் மேற்பரப்பில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் நெருப்பு வைத்தார். அந்தப் புள்ளியின் வெப்பம் பக்கத்துத் தூளைப் பற்றவைக்க, அது அடுத்ததைப் பற்றவைக்க, வினை தானாகப் பரவி மூசையின் அடிவரை இறங்கியது. வெடிப்பு இல்லை. நூறு கிராமானாலும் நூறு கிலோவானாலும் அதே ஒழுங்கு. 1895இல் இதற்கு ஜெர்மன் காப்புரிமை பெற்றார். இயற்கையின் ஒரு வினையைக் கண்டதற்குப் பெருமை மற்றவர்களுக்கும் உண்டு. அதை எங்கே, எப்படித் தொடங்க வேண்டும் என்று கண்டவர் இவரே. தொழில் வரலாற்றில் இரண்டாவது வகைக் கண்டுபிடிப்புக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

குரோமியம் கிடைத்தது. அந்த முறை இன்றும் உயிரோடிருக்கிறது. வனேடியம், டைட்டானியம், நியோபியம் போன்ற உலோகங்களை இரும்போடு கலந்து எஃகு ஆலைகளுக்குத் தரும் தொழிற்சாலைகள் பல இதே வழியைப் பின்பற்றுகின்றன. ஆனால் மூசைக்குள் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விரைவிலேயே வேறொன்று புலப்பட்டது. உலோகத்தைவிட அந்தச் சூடே விலைபோகும் சரக்கு. ஓர் எஃகு ஆலையின் சூட்டை ஒரு சாக்குப் பையில் கட்டி, தெருவுக்குத் தூக்கிச் சென்று, வேண்டிய இடத்தில் அவிழ்த்துக்கொள்ளலாம். மின்சாரம் வேண்டாம், கொதிகலன் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம். 1890களில் இப்படிப்பட்ட சூட்டுக்காகக் காத்திருந்த ஒரு பொருள் ஐரோப்பாவின் ஊர்களெங்கும் கிடந்தது. அது தண்டவாளம்.

தண்டவாளத்தின் பலவீனம் எப்போதும் அதன் முனைகளில்தான். உருட்டாலையில் குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் செய்ய முடியாது. செய்தாலும் எடுத்துப்போக முடியாது. இந்திய அகலப்பாதையில் நெடுங்காலம் ஒரு தண்டவாளம் 13 மீட்டர். ஒரு கிலோமீட்டர் பாதையில் இரு பக்கமும் சேர்த்து 150க்கும் மேற்பட்ட மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு ஃபிஷ் பிளேட்டுகள், நான்கு போல்ட்டுகள், நடுவே ஓர் இடைவெளி. சக்கரம் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியில் இறங்கி ஏறும். தண்டவாள முனையை அடிக்கும். முனை தேயும், நசுங்கும், போல்ட் துளையில் விரிசல் விடும், அடியிலிருக்கும் ஜல்லி பொடியாகும். பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்களின் உழைப்பில் பெரும்பங்கை இந்த மூட்டுகளே விழுங்கின.

பயணிகளுக்கு அந்த அடி தாளமாகக் கேட்டது. 13 மீட்டர்த் தண்டவாளத்தில் 47 விநாடிகளில் எத்தனை முறை அந்த ஓசை கேட்கிறதோ, ரயில் மணிக்கு அத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

முதலில் வெல்டிங்குக்கு வந்தவை ரயில் பாதைகள் அல்ல, டிராம் பாதைகள். அதற்குக் காரணம் உண்டு. டிராம் தண்டவாளம் தெருவின் கல்தளத்துக்குள் புதைந்து கிடக்கும். வெயிலின் முழுச் சூடு அதற்கு ஏறாது. விரிந்தாலும் நெளிய இடமில்லை. ஆகவே இடைவெளியே இல்லாமல் ஒட்டவைத்தாலும் ஆபத்தில்லை. மேலும், டிராமை ஓட்டிய மின்சாரம் பல ஊர்களில் தண்டவாளத்தின் வழியாகத்தான் மின்நிலையத்துக்குத் திரும்பியது. ஒவ்வொரு மூட்டும் அந்த ஓட்டத்துக்கு ஒரு தடை. 1899இல் எசன் நகரின் டிராம் தண்டவாளங்களை கோல்ட்ஷ்மிட்டின் முறையில் இணைத்தார்கள். இன்று உலகமெங்கும் செய்யப்படும் தெர்மிட் வெல்டிங்குக்கு அந்தத் தெருவே பிறந்தகம்.

ஆரம்ப முறை இன்றையதைப் போல இருக்கவில்லை. மூசையைச் சாய்த்து ஊற்றுவார்கள். மேலே மிதக்கும் கசடு முதலில் பாய்ந்து தண்டவாள முனைகளைச் சுற்றிக்கொள்ளும். அந்தச் சூட்டில் முனைகள் இளகியதும் இறுக்கிகளால் இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்திச் சேர்ப்பார்கள். கழிவாக ஒதுக்க வேண்டிய கசடே அங்கே வேலை செய்தது. அடித்துளை வழியே உருகிய எஃகை நேராக இடைவெளிக்குள் வார்க்கும் வழி வந்த பிறகு அது பின்தங்கியது. வினையில் பிறக்கும் இரும்பு தண்டவாளத்துக்கு ஆகாத அளவுக்கு மென்மையானது என்பதால் கார்பனும் மாங்கனீஸும் அளவாகச் சேர்த்து, தண்டவாளத்தின் கடினத்துக்கு ஈடான எஃகாக மாற்றவும் கற்றுக்கொண்டார்கள்.

1904இல் நியூயார்க்கில் கோல்ட்ஷ்மிட்டின் கிளை நிறுவனம் தொடங்கியது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸின் ஹோலியோக் நகர டிராம் பாதையில் அமெரிக்காவின் முதல் தெர்மிட் இணைப்புகள் வார்க்கப்பட்டன. ஃபிராங்க்ளின் நிறுவனம் அந்த ஆண்டுதான் கோல்ட்ஷ்மிட்டுக்கு எலியட் கிரெசன் பதக்கம் வழங்கியது. கப்பல்களின் உடைந்த சுக்கான் சட்டங்கள், இயந்திரங்களின் முறிந்த தண்டுகள் என்று, கழற்றி ஆலைக்குக் கொண்டுபோக முடியாத பெரிய இரும்புகளெல்லாம் இருந்த இடத்திலேயே ஒட்டப்பட்டன.

பிறகு போர் வந்தது.

1915 மே 31 இரவு எல்.இசட். 38 என்ற செப்பலின் வான்கப்பல் லண்டன் மேல் பறந்தது. அந்த நகரம் கண்ட முதல் வான்தாக்குதல் அது. வீசப்பட்ட தீக்குண்டுகளின் உள்ளே தெர்மிட். வெளியே தாரில் தோய்த்த கயிற்றுச் சுற்று. ஏழு பேர் இறந்தார்கள். எசன் தெருவில் டிராம் தண்டவாளம் ஒட்டிப் பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1918இல் ஜெர்மானியர்கள் இன்னும் கொடிய ஒன்றைச் செய்தார்கள்: ஒரு கிலோ எடையுள்ள எலெக்ட்ரான் குண்டு. அதன் ஓடே மக்னீசியக் கலப்புலோகம்; உள்ளிருக்கும் தெர்மிட் அந்த ஓட்டைப் பற்றவைக்கும். குண்டு முழுவதும் எரிபொருளாகிவிடும். லண்டனையும் பாரிஸையும் அதைக் கொண்டு எரிக்கும் திட்டம் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது.

திட்டம்தான் கைவிடப்பட்டது, குண்டு அல்ல. 1940 டிசம்பர் 29 இரவு லண்டனின் பழைய நகர்ப்பகுதியில் ஜெர்மன் விமானங்கள் அந்த வகைக் குண்டுகளை ஆயிரக்கணக்கில் கொட்டின. பிரிட்டிஷ் விமானப்படையின் நான்கு பவுண்டு மக்னீசியக் குண்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1943 ஜூலையில் ஹாம்பர்க் எரிந்ததிலும் 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் எரிந்ததிலும் அதற்குப் பங்குண்டு. தன் ஆக்ஸிஜனைத் தானே சுமந்து வரும் நெருப்பை மூடி அணைக்க முடியாது. கொதிக்கும் உலோகத்தின் மேல் தண்ணீரைக் கொட்டினால் அது நொடியில் ஆவியாகி, உலோகத்தைத் தெறிக்கவிடும். தெருக் காவலர்கள் மணல் வாளிகளோடு கூரைகளில் காத்திருந்தது இதனால்தான். இந்த இரண்டாம் போரின் நெருப்பு எதையும் கோல்ட்ஷ்மிட் பார்க்கவில்லை. 1923இல் பாடன்-பாடனில் காலமானார்.

1980இல் ஐ.நா. முயற்சியில் உருவான மரபு ஆயுத உடன்படிக்கையின் மூன்றாம் நெறிமுறை, மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் வானிலிருந்து தீக்குண்டு வீசுவதைத் தடை செய்தது. ஆனாலும் 2024இல் உக்ரைன் போர்முனையில் டிரோன்களிலிருந்து தெர்மிட் கொட்டுவதை உலகம் காணொளிகளில் பார்த்தது.

தெர்மிட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அது நியாயமல்ல. குண்டில் தெர்மிட் செய்வதை வேறு பல பொருள்களும் செய்யும். நேபாம் வந்ததும் படைகள் அதன் பக்கம் சாய்ந்தன. தண்டவாள வேலையில் தெர்மிட்டுக்கு மாற்று கிடைக்க வெகுகாலம் ஆனது, முழு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. அதன் நீண்ட வரலாறு ஜல்லிமேட்டில்தான் இருக்கிறது.

தெருவை விட்டுத் திறந்த வெளிக்கு வந்தபோது ஒரு பெரிய அச்சம் குறுக்கே நின்றது. எஃகு வெயிலில் விரியும். 50 டிகிரி சூடேறினால் ஒரு கிலோமீட்டர்த் தண்டவாளம் அரை மீட்டருக்கும் மேல் நீள வேண்டும். மூட்டில் இடைவெளி விட்டதே அதற்காகத்தான். இடைவெளியை அடைத்துவிட்டால் தண்டவாளம் பாம்பாக நெளிந்துவிடாதா? பொறியாளர்கள் நீண்ட நாள் தயங்கினார்கள். 1933இல் அமெரிக்காவின் டெலாவேர் அண்ட் ஹட்சன் ரயில்வே தெர்மிட் முறையில் ஒட்டிய நீளப் பாதைகளை இட்டுப் பார்த்தது. கனமான ஸ்லீப்பர்களும் இறுக்கமான பிடிகளும் ஆழமான ஜல்லியும் சேர்ந்தால் தண்டவாளத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள முடியும் என்பது மெல்ல மெல்ல உறுதியானது. இரு முனைகளில் கொஞ்ச தூரம் மட்டும் அசையும். நடுப்பகுதி எவ்வளவு நீளமானாலும் அசையாது. விரிய விரும்பும் விசை முழுவதும் எஃகுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும்.

இந்தியாவுக்கு இந்தத் தொழில் வந்து வேரூன்றியது வடக்கே. கான்பூரில் இந்தியா தெர்மிட் நிறுவனம், லக்னோவில் ரயில்வேயின் சொந்தத் தெர்மிட் கலவை ஆலை. ரயில்வேக்காரர்கள் இதை ‘ஏ.டி. வெல்ட்’ என்பார்கள், ஒரு மூட்டுக்கு வேண்டிய கலவைப் பொட்டலத்துக்குப் பெயர் ‘போர்ஷன்’. தமிழ்நாட்டுப் பயணிகள் மாற்றத்தைப் பெரிய அளவில் உணர்ந்தது 1992இல் ஒரே பாதை அகலத் திட்டம் தொடங்கிய பிறகு. மீட்டர்கேஜ் தடங்கள் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டு நீள வெல்டிங் தண்டவாளங்களோடு அகலப்பாதை வந்தது. செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை 2010இல் மூடப்பட்டு 2018இல் முழுமையாகத் திறந்தபோது, அந்தப் பாதையின் பழைய தாளமும் மீட்டர்கேஜோடு போய்விட்டிருந்தது.

ஒரு மூட்டு எப்படி ஒட்டப்படுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு. போக்குவரத்தை நிறுத்தி ஒரு ‘பிளாக்’ வாங்கிய பிறகே வேலை தொடங்கும். தண்டவாள முனைகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம், அவ்வளவுதான் சலுகை. முனைகளைச் சற்றே தூக்கி நேர்கோட்டில் வைக்கிறார்கள், ஏனென்றால் ஆறும்போது எஃகு சுருங்கிக் கீழிறங்கும். இரு பக்கமும் மணல் அச்சுகளைப் பொருத்தி, ஓரங்களை ஈரக் களிமணலால் பூசி அடைக்கிறார்கள். ஒரு மயிரிழை விட்டாலும் உருகிய எஃகு அதன் வழியே ஓடிவிடும். பிறகு அச்சுக்குள் பர்னரை இறக்கி முனைகளைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். பழைய முறையில் இந்த ஒரு வேலைக்கே அரைமணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. இப்போது பெட்ரோல் பர்னரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஆக்ஸிஜனும் சமையல் எரிவாயுவும் கலந்து எரித்தால் இரண்டரை நிமிடம். தண்டவாளம் மங்கிய சிவப்புக்கு வந்ததை அனுபவக் கண் சொல்லிவிடும். ஆனாலும் வெப்பநிலை காட்டும் சாக்குக் குச்சியால் தேய்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பின் மூசை. அச்சுக்கு மேலே அதைத் தாங்கியில் நிறுத்தி, ஒரு மத்தாப்பை உள்ளே செருகுகிறார்கள். சிவகாசியில் செய்யும் கம்பி மத்தாப்பும் அலுமினியத் தூளை வைத்தே ஒளிர்கிறது என்பதால் இந்த உறவு தற்செயலானதல்ல. வெண்ணொளி பீறிட்டு எழும். கண்ணாடி இல்லாமல் அதைப் பார்க்கக் கூடாது. வினை ஏறத்தாழ 20 விநாடிகளில் முடிய வேண்டும்; மூன்று விநாடி முன்பின் இருக்கலாம். அதற்கு முன்பே அடித்துளை திறந்தாலும், நேரம் கடந்து திறந்தாலும் அந்த மூட்டு நம்பத்தக்கதல்ல. எஃகு இறங்கி இடைவெளியை நிரப்ப, அதன் பின்னே கசடு வழிந்து பக்கத்துத் தட்டில் விழும். நான்கு முதல் ஆறு நிமிடம் அச்சைத் தொடக்கூடாது. பிறகு அச்சை உடைத்து, எஃகு சிவந்திருக்கும்போதே ஹைட்ராலிக் கத்தியால் உபரியைச் சீவி எடுக்கிறார்கள். வார்த்து அரைமணி ஆன பிறகே முதல் வண்டிக்கு அனுமதி. கடைசியாகச் சாணைபிடித்து மேற்பரப்பைச் சமன்செய்து, ஒரு மீட்டர் நீள நேர்க்கோலை வைத்துப் பார்க்கும்போது நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது; பள்ளம் அறவே ஆகாது.

மழையில் இந்த வேலை நடக்காது. ஈரப்பட்ட போர்ஷன் பையைத் தூக்கிப்போட வேண்டும், ஈரம் ஏறிய அச்சையும் அப்படியே. லண்டன் கூரைகளில் நின்றவர்கள் அஞ்சிய அதே நீராவிதான் இங்கும் எதிரி. மூசைக்குள் சிறிது ஈரம் இருந்தாலும் உருகிய எஃகு மேலே தெறிக்கும். தெறிக்காவிட்டால் வெல்டுக்குள் குமிழியாக ஒளிந்துகொள்ளும். உள்ளே ஒளிந்ததுதான் இன்னும் மோசம். அதனால்தான் ஒவ்வொரு மூட்டையும் மீயொலிக் கருவியால் சோதிக்கிறார்கள்.

இந்த வேலையைச் செய்பவர்களின் திறமைக்கு நம் நாட்டில் போதிய மரியாதை இல்லை. உச்சிவெயிலில் 60 டிகிரிக்குச் சூடேறிய தண்டவாளத்தின் மேல் குனிந்து, அதற்குச் சில அடி தள்ளி 2,500 டிகிரியை எரியவிட்டு, மில்லிமீட்டர் பார்த்து வேலை செய்பவர்கள் அவர்கள். நாளைக்குப் பல ஆயிரம் பேர் அந்த மூட்டின் மேல் போவார்கள். ஒருவரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். வேலை சரியாக இருந்தால் கவனிக்க எதுவுமே இருக்காது.

தெர்மிட்டின் உறவுமுறைகள் இன்னும் பல துறைகளில் பரவியிருக்கின்றன. 1938இல் அமெரிக்காவின் சார்லஸ் கேட்வெல் இரும்பு ஆக்ஸைடுக்குப் பதில் தாமிர ஆக்ஸைடை வைத்து, சிக்னல் கம்பிகளைத் தண்டவாளத்தோடு ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். இன்று துணை மின்நிலையங்களிலும் செல்பேசிக் கோபுரங்களிலும் நிலத்துக்குள் இறங்கும் தாமிரக் கம்பிகளை நிரந்தரமாக இணைப்பது அதன் வழிவந்த முறையே. 1942இல் அயோவாவின் ஏம்ஸ் நகரில் ஃபிராங்க் ஸ்பெடிங்கின் குழு, மூடிய எஃகுப் பாத்திரத்துக்குள் கால்சியத்தையும் பிறகு மக்னீசியத்தையும் கொண்டு யுரேனிய உலோகத்தைப் பிரித்தது. அதுவும் இதே வகை வினை. அணு யுகத்தின் தொடக்கத்தில் அந்த உலோகக் கட்டிகளுக்குப் பங்குண்டு. ஜப்பானில் ஓசாமு ஓதவாரா, வேகமாகச் சுழலும் எஃகுக் குழாய்க்குள் தெர்மிட்டை எரித்தார். கனமான இரும்பு குழாயின் சுவரோடு ஒட்ட, லேசான அலுமினியம் ஆக்ஸைடு உட்புறத்தில் பீங்கான் பூச்சாகப் படிந்தது. கோல்ட்ஷ்மிட்டின் முறையில் மிதந்து கழிவாகப் போன கசடு அங்கே சரக்காகிவிட்டது.

ரயில்வேயில் போட்டி கடுமையாகிவிட்டது. மின்சாரத்தால் இரு முனைகளைச் சூடாக்கி அழுத்தி ஒட்டும் ஃபிளாஷ் பட் வெல்டிங் வலுவில் தெர்மிட்டை மிஞ்சும். வெளியிலிருந்து வார்த்த எஃகு அதில் இல்லை. பிலாய் எஃகு ஆலை 260 மீட்டர் நீளத் தண்டவாளங்களையே அனுப்புகிறது. தெர்மிட் மூட்டுகளில் முறிவுகள் அதிகம் என்பது ரயில்வே பொறியாளர்களின் நெடுநாள் கவலை. குளிர் இரவுகளில் எஃகு சுருங்கி இழுக்கும்போது பலவீனமான மூட்டுதான் முதலில் விடும். ரோந்துக்காரர்கள் டார்ச்சோடு இரவில் பாதை நெடுக நடப்பது அதற்காகவும்தான். ஆனால் பெரிய இயந்திரத்தைக் கொண்டுபோக முடியாத வளைவு, பாதை பிரியும் பாயிண்ட், நடுவழியில் விரிசல் கண்ட தண்டவாளம் போன்ற இடங்களுக்கு இன்றும் போவது போர்ஷன் பையும் மூசையும் நாலைந்து ஆட்களும்தான். நல்ல மூட்டுக்கும் கெட்ட மூட்டுக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் ரசாயனம் அல்ல, அந்த ஆட்களின் கை. ஆகையால் தகுதிச் சான்றிதழ் இல்லாத வெல்டர் மூசையைத் தொட முடியாது.

வேலை முடிந்ததும் மூட்டின் அருகே தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஒரு சிறிய அலுமினியப் பட்டையை ஒட்டுகிறார்கள். மாதம், ஆண்டு, வெல்டிங் செய்த நிறுவனம், வெல்டரின் குறியீடு, மூட்டின் எண் எல்லாம் அதில் பதிக்கப்பட்டிருக்கும். என்றைக்காவது அந்த மூட்டு முறிந்தால், எழுத்துகளை வைத்துப் பதிவேட்டைப் புரட்டி, அதே கையில் அதே மாதம் உருவான மற்ற மூட்டுகள் எந்தெந்தக் கிலோமீட்டரில் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் மறுபடி சோதிக்க முடியும்.